உறக்கம், இரவுப் பணி, புற்றுநோய்



உறக்கத்தையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசத் தொடங்கினாலே, குறைவாகத் தூங்கினால் புற்றுநோய் வருமா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இன்றுள்ள சான்றுகள் தரும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்கும் மணிக்கணக்குக்கும் புற்றுநோய்க்கும் இடையே உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் உறக்கம் எந்த நேரத்தில் கிடைக்கிறது, எத்தனை ஆண்டுகள் அந்த நேரம் பறிபோகிறது என்று கேட்டால் விடை வேறு. உடல் இரவு என்று அறிந்திருக்கும் பொழுதில் ஆண்டுக்கணக்காக வெளிச்சத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, குறிப்பாக இளம் வயதில் அடிக்கடி அப்படி வேலை செய்த பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கான இடர் கூடுகிறது என்று நம்புவதற்குப் போதிய காரணங்கள் சேர்ந்துவிட்டன. இந்த வேறுபாடு ஆய்வாளர்களுக்குள் நடக்கும் நுணுக்க விவாதமாக நின்றுவிடக் கூடாது. மணிக்கணக்குதான் காரணம் என்றால் பழி தூங்காதவர் தலையில் விழும். நேரம்தான் காரணம் என்றால் ஷிப்ட் பட்டியல் போடுகிறவர், மருத்துவமனை வார்டை நடத்துகிறவர், சட்டம் இயற்றுகிறவர் ஆகியோர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

மணிக்கணக்கைப் பற்றிய சான்றை முதலில் பார்ப்போம். 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 65 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மொத்தக் கணக்கில், குறைவாகத் தூங்குவதும் அதிகமாகத் தூங்குவதும் புற்றுநோய் இடரைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. உட்பிரிவுகளாகப் பிரித்தபோது ஆசிய மக்களிடையே குறைந்த தூக்கத்துக்கும், பெருங்குடல் புற்றுநோயில் நீண்ட தூக்கத்துக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. இத்தகைய உட்பிரிவு முடிவுகளை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பல பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்கும்போது ஏதேனும் ஒன்றில் தற்செயலாகத் தொடர்பு தென்படுவது புள்ளியியலில் அரிதன்று. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உடலில் அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் கூடலாம், அசதி வரலாம், தூக்கம் மிகலாம் அல்லது கெடலாம். அப்படியிருக்க, நீண்ட நேரம் தூங்கியவர்களிடம் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தால் தூக்கம் நோயைக் கொண்டுவந்ததா, வெளியில் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த நோய் தூக்கத்தைக் கொண்டுவந்ததா என்று இத்தகைய ஆய்வுகளின் வினாப்பட்டியலை வைத்துப் பிரித்தறிய இயலாது.

இந்த முடிச்சை அவிழ்க்க மரபணு வழியிலான ஒரு முறையை ஆய்வாளர்கள் கையாளுகிறார்கள். சிலர் இயல்பிலேயே விடியற்காலையில் எழுகிறவர்கள், சிலர் நள்ளிரவு வரை விழித்திருப்பவர்கள். இந்த இயல்புக்கு மரபணுக்களும் ஒரு காரணம். பிறக்கும்போதே அமைந்துவிட்ட மரபணுவைப் பிற்காலத்தில் வரும் நோய் மாற்ற முடியாது. ஆகவே எது முந்தியது என்ற குழப்பம் இந்த முறையில் பெருமளவு குறைகிறது. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு, லட்சக்கணக்கான பெண்களின் மரபணுத் தரவைக் கொண்டு இதைச் செய்தது. காலை இயல்பினருக்கு மார்பகப் புற்றுநோய் இடர் சற்றுக் குறைவாக இருந்தது. குறைந்த தூக்கம் இடரைக் கூட்டியதாகத் தெரியவில்லை. மாறாக, அதிகத் தூக்கத்தின் பக்கம் சற்று இடர் தெரிந்தது. மணிக்கணக்கில் குறை காண வந்தவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. ஆனால் ஒருவரின் உடல் நேரத்துக்கும் உலகம் அவர்மீது திணிக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு முக்கியமானது என்ற எண்ணத்துக்கு இது இடம் தருகிறது. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தும் பேச்சுகளும் காணொலிகளும் நம்மிடையே பெருகிவிட்டன. நோய் வந்த பின், குழந்தைக்காகக் கண்விழித்ததால்தானா, படிப்புக்காகக் கண்விழித்ததால்தானா என்று தன்னையே நொந்துகொள்ளும் ஒருவருக்கு அந்தப் பேச்சு சான்றில்லாமல் தண்டனை வழங்குகிறது. மருத்துவத்தின் பெயரால் அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

நேரம் என்று நான் சொல்வதற்கு உயிரியலில் திட்டமான பொருள் உண்டு. 1971இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் ஒரு மரபணு பழுதுபட்டால் அவற்றின் நாள் சுழற்சியே குலைந்துபோவதைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது உருவாக்கும் புரதம் இரவில் சேர்ந்து பகலில் சிதைந்து தன்னைத் தானே கட்டுப்படுத்தும் விதத்தை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, தலைமைக் கடிகாரமாக இயங்கும் ஒரு சிறு நரம்பணுத் திரள் இருக்கிறது. அது கண் வழியாக வெளிச்சத்தை அறிந்து நாள்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், தோல், குடல், மார்பகம் என ஏறத்தாழ எல்லாத் திசுக்களின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. தலைமைக் கடிகாரம் கச்சேரியில் தாளம் போடுகிறவரைப் போல அவற்றை ஒரே காலப்பிரமாணத்தில் நிறுத்துகிறது. உயிரணு எப்போது பிளவுபட வேண்டும், பழுதான டி.என்.ஏ.வை எப்போது செப்பனிட வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒழுங்கோடு பிணைந்தவை. புற்றுநோயோ கட்டுப்பாடற்ற பிளவும் செப்பனிடப்படாத பழுதும் சேர்ந்து விளைவது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

எதிர்பார்ப்பு ஒன்று, சான்று வேறொன்று. எனக்கு மிகத் தெளிவாகப் படும் ஆய்வுக்கூடச் சான்று, டி.என்.ஏ. செப்பனிடும் முறைகளை விளக்கியதற்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அஜீஸ் சன்ஜாரின் வடகரோலினா ஆய்வுக்கூடத்திலிருந்து 2011இல் வந்தது. எலிகளின் தோல்மீது புறஊதாக் கதிர் பாய்ச்சினார்கள். ஒரு கூட்டத்துக்கு அதிகாலை 4 மணிக்கு, மற்றொரு கூட்டத்துக்கு மாலை 4 மணிக்கு. கதிரின் அளவு ஒன்றே, எலிகளின் இனமும் ஒன்றே. அதிகாலையில் கதிர் பட்ட எலிகளுக்குத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக வந்தது. அந்த நேரத்தில் எலியின் தோலில் டி.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதத்தின் அளவு தாழ்ந்திருந்ததே காரணம். எலி இரவில் நடமாடும் பிராணி. ஆகவே இந்த மணிகளை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரே நச்சு, ஒரே அளவு, உடலில் படும் நேரத்தைப் பொறுத்து வேறுவேறு விளைவைத் தரும்.

வெளிச்சம் இதில் எங்கே வருகிறது? மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பி இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் சுரப்பை வெளியிடுகிறது. 1958இல் ஆரன் லெர்னர் மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். கண்ணில் பார்வைக்குப் பயன்படும் அணுக்களைத் தவிர, வெளிச்சத்தை அளந்து கடிகாரத்துக்குச் சொல்வதையே வேலையாகக் கொண்ட வேறு அணுக்களும் விழித்திரையில் உண்டு என்பது 2002இல் உறுதியானது. நீல நிறம் மிகுந்த வெளிச்சத்தில் இவை மிகவும் தூண்டப்படுகின்றன. இரவில் அந்த வெளிச்சம் பட்டால் மெலடோனின் சுரப்பது குறைகிறது. இந்தக் கண்டுபிடிப்பெல்லாம் முழுமையாவதற்கு முன்பே, 1987இல், ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் ஒரு கருதுகோளை வெளியிட்டார். தொழில்மயமான நாடுகளில் மார்பகப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு இரவு நேர மின்விளக்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அது உண்மையானால் இரவுப் பணி செய்யும் பெண்களுக்கு இந்நோய் கூடுதலாகவும், வெளிச்சத்தையே உணராத பார்வையற்ற பெண்களுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிற்பாடு அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுகள் பார்வையற்ற பெண்களிடம் குறைவு இருப்பதைக் காட்டின. 2005இல் டேவிட் பிளாஸ்க் குழுவினர் நேரடியாகவே சோதித்தனர். பெண்களிடமிருந்து பகலில், இரவின் இருளில், இரவில் பிரகாசமான வெளிச்சத்தில் வைத்த பிறகு என மூன்று வேளைகளில் இரத்தம் எடுத்தார்கள். எலிகளில் வளர்க்கப்பட்ட மனித மார்பகப் புற்றுக்கட்டிகளுக்குள் அந்த இரத்தத்தைச் செலுத்தினார்கள். இருளில் எடுத்த இரத்தம் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது. மற்ற இரண்டும் தடுக்கவில்லை.

இனி மனிதர்கள். உலகில் இரவுப் பணியைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியைச் செவிலியர்கள்தாம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வில், மாதம் மூன்று இரவுகளாவது சுழல்முறையில் நைட் டூட்டி பார்த்த ஆண்டுகள் எத்தனை என்று 1988இல் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்துக் கணக்கிட்டபோது, 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் அப்படிப் பணியாற்றியவர்களுக்கு, இரவுப் பணியே செய்யாத செவிலியர்களைவிட மார்பகப் புற்றுநோய் இடர் 36 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்த முடிவு 2001இல் வெளிவந்தது. இளைய செவிலியர்களைக் கொண்ட இரண்டாவது ஆய்வில், 20 ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர்களிடம் கூடுதல் இடர் 79 விழுக்காடு என்று 2006இல் தெரியவந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சின் லியோன் நகரில் கூடி, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனப் பெரிதும் கருதத்தக்கது’ என்ற பொருளுடைய 2அ பிரிவில் சேர்த்தது. புதிய ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்த பிறகு 2019இலும் இரவு ஷிப்ட் வேலையை அதே பிரிவில்தான் வைத்தது. விலங்குச் சான்று போதியது, உயிரியல் செயல்முறைச் சான்று வலுவானது, மனிதச் சான்று வரம்புக்குட்பட்டது என்பது அதன் தீர்ப்பு. இந்தப் பிரிவுகள் சான்றின் வலிமையைத்தான் சொல்கின்றன, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் இதே பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே நைட் டூட்டி பார்த்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. இரவுப் பணி செய்த பெரும்பான்மையோருக்கு இந்நோய் வருவதில்லை.

மனிதச் சான்று ஏன் வரம்புக்குட்பட்டது என்று கேட்டால் 2016இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வைச் சுட்டுவார்கள். நியாயமான சுட்டல்தான். பத்து லட்சம் பெண்கள் ஆய்வு உட்பட மூன்று பெரிய பிரிட்டிஷ் ஆய்வுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். வேறு நாட்டு ஆய்வுகள் ஏழையும் சேர்த்து ஏறத்தாழ 14 லட்சம் பெண்களின் கணக்கைத் தொகுத்தார்கள். இரவுப் பணியால் மார்பகப் புற்றுநோய் கூடுவது மிகச் சிறிதே அல்லது அறவே இல்லை என்பது அவர்கள் முடிவு. எண்ணிக்கையின் பருமனை வைத்துப் பார்த்தால் விவாதம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கையைப் போலவே யாரை, எப்போது கேட்டார்கள் என்பதும் முக்கியம். பத்து லட்சம் பெண்கள் ஆய்வில் இரவுப் பணி பற்றிய கேள்வி கேட்கப்பட்டபோது அந்தப் பெண்களின் சராசரி வயது 68. அதற்குப் பின் தொடர்ந்து கவனித்த காலம் மூன்றாண்டுக்கும் குறைவு. பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இரவுப் பணியால் விளையும் தீங்கு பணி நடக்கும் காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னரும் மிகுந்து, விட்ட பிறகு படிப்படியாகத் தணியும் இயல்புடையதானால், இந்த ஆய்வின் கண்ணில் அது படவே படாது.

இது தப்பித்துக்கொள்ள உண்டாக்கிய ஊகமா, சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்தா? சோதித்துவிட்டார்கள். அமெரிக்கச் செவிலியர்களின் பழைய ஆய்வை 24 ஆண்டுகள் நீட்டித்துப் பார்த்தபோது, ஓய்வு பெற்றோர் மிகுந்த அந்தக் கூட்டத்தில் முன்பு தெரிந்த தொடர்பு மறைந்துபோனதாக 2017இல் வெளியிட்டார்கள். அதே அறிக்கையில், 42 வயதுக்குள் ஆய்வில் சேர்ந்து, அதற்கு முன்பே 20 ஆண்டுகளுக்கு மேல் சுழல்முறை நைட் டூட்டி பார்த்துவிட்ட இளைய செவிலியர்களுக்கு இடர் இரு மடங்குக்கும் சற்று அதிகம் என்று வந்தது. மறுஆண்டு ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கிணைத்தவர்கள் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதினரைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு மூன்று இரவுகளோ அதற்கு மேலோ, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவர்களுக்கு இடர் இரண்டரை மடங்கு; பணியை விட்டு நாளானவர்களுக்குத் தொடர்பு மங்கியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் தொடர்பு தெரியவில்லை. பிரிட்டிஷ் ஆய்வுக்கும் இதற்கும் முரண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று முதிய வயதில் நிற்கும் பெண்களைப் பார்த்து, இவர்களிடம் எதுவும் இல்லை என்கிறது. மற்றொன்று, அந்த வயதில் இல்லைதான், முந்தைய வயதில் இருந்தது என்கிறது. இடர் தணிகிறது என்பது இதில் உள்ள நல்ல செய்தியும்கூட. ஆண்டுக்கணக்கான இரவுப் பணியை விட்டவர் ஆயுள் முழுதும் அஞ்சியிருக்கத் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு, இரவுப் பணி செய்வோரின் வாழ்க்கைச் சூழலே வேறு என்பது. புகை, மது, உடல் எடை, பிள்ளைப்பேறு, வருமானம் ஆகியவற்றின் தாக்கத்தை இரவின் கணக்கில் எழுதிவிடுகிறோமோ என்று கேட்கிறார்கள். இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் நல்ல ஆய்வுகள் முடிவுக்கு வருகின்றன. ஆயினும் கழிக்கத் தெரியாத ஏதோ ஒன்று எப்போதும் மீதி இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் பழக்கங்கள் குறுக்கிடாத ஆய்வுக்கூடச் சான்றை நான் பெரிதாக மதிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மரபு வழியில் ஆட்பட்ட எலிகளை வாரந்தோறும் பகலையும் இரவையும் தலைகீழாக்கி நெதர்லாந்தில் வளர்த்தார்கள். கட்டிகள் விரைவில் தோன்றின. எலி புகைப்பதில்லை. மனிதர்களிடத்திலோ, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 14 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்து, பாதிப் பேரை மூன்று நாள் நைட் ஷிப்ட் ஒழுங்கிலும் மீதிப் பேரைப் பகல் ஒழுங்கிலும் வைத்தார்கள். நைட் ஷிப்ட் ஒழுங்கில் இருந்தவர்களின் வெள்ளையணுக்களில், டி.என்.ஏ.வைச் செப்பனிடும் மரபணுக்களின் நாள் தாளம் குலைந்திருந்தது, டி.என்.ஏ. பழுதும் கூடியிருந்தது. 14 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் சுவீடனின் பார்வையற்ற பெண், வடகரோலினாவின் எலி, வாஷிங்டனின் வெள்ளையணு, ஐந்து நாட்டு நோயாளிகள் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத சாட்சிகள் ஒரே திசையைக் காட்டும்போது, அவர்கள் அனைவருக்கும் பொதுவான வேறொரு காரணத்தைக் காட்ட வேண்டிய கடமை மறுப்பவருக்கு வந்துவிடுகிறது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்த மறுப்பு 2022இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. சூரிச்சில் நிக்கோலா ஆச்செட்டோவின் குழு, மார்பகப் புற்றுநோயுள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் இரத்தம் எடுத்து, கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் அலையும் புற்றணுக்களை எண்ணியது. கிடைத்த அணுக்களில் ஏறத்தாழ 78 விழுக்காடு, பெண்கள் உறங்கிக்கொண்டிருந்த 4 மணி மாதிரிகளில் இருந்தன. எலிகளிலும் ஓய்வு வேளையில் பிரிந்த அணுக்களே வேறு உறுப்புகளில் குடியேறும் வல்லமை மிகுந்தவையாக இருந்தன. உறக்கம்தான் புற்றைப் பரப்புகிறது என்ற தலைப்போடு செய்தித்தாள்கள் இதை வெளியிட்டன. அப்படியானால் விழித்திருப்பதே நல்லதா? அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அணுக்கள் எப்போது பிரிகின்றன என்பதை மெலடோனின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகளின் நாள் ஏற்றத்தாழ்வு தீர்மானிக்கிறது என்பதுதான் அது கண்டது. உறங்காமல் இருந்தால் அணுக்கள் பிரியாது என்றோ, உறங்குபவர் சீக்கிரம் இறக்கிறார் என்றோ அதில் எங்கும் இல்லை. மாறாக, கார்ட்டிசாலின் நாள் ஏற்றத்தாழ்வு தட்டையாகிப்போன, நோய் பரவிய நிலையிலிருந்த மார்பகப் புற்றுநோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தது. என் வாதத்தை இந்த ஆய்வு குலைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. புற்றுக்கட்டியும் நேரம் பார்த்து நடந்துகொள்கிறது என்றால், நேரம் பார்க்காமல் நடப்பது மருத்துவத்துக்கு அழகல்ல. எந்த மணிக்கு எடுத்த இரத்தம் என்று குறிக்காமல் அலையும் அணுக்களை எண்ணுவது இனிப் பொருந்தாது.

நேரம் பார்த்து மருந்து கொடுக்கும் முயற்சி பழையது. அதன் வரலாறு அடக்கத்தையும் கற்பிக்கிறது. பிரான்சில் ஃபிரான்சிஸ் லெவி குழுவினர், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ மருந்துகளை உடல் தாளத்துக்கு ஏற்ற மணிகளில் ஏற்றினார்கள். கட்டி சுருங்கியவர்கள் 29 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாக உயர்ந்தனர், வாய்ப்புண் வெகுவாகக் குறைந்தது என்று 1997இல் அறிவித்தார்கள். 2006இல் வந்த பெரிய ஐரோப்பிய ஆய்வில் மொத்த ஆயுளில் வேறுபாடு இல்லை. அதைவிடக் கவலையான செய்தி, ஆண்களுக்கு நன்மை செய்த அதே நேர அட்டவணை பெண்களுக்குக் கெடுதல் செய்தது. மெலடோனின் மாத்திரையின் கதையும் இப்படித்தான். மேலே நான் சொன்னவற்றைக் கேட்டதும், குறைந்துபோன சுரப்பை மாத்திரையாக விழுங்கினால் போதுமே என்று தோன்றும். கனடாவில் நுரையீரல் புற்று அறுவை முடிந்த 709 பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டுக்கு இரவுதோறும் 20 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. குலைந்த ஒழுங்கின் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிலிருந்து சேர்ப்பது அந்த ஒழுங்கை மீட்டெடுப்பது ஆகாது. இதை அறிந்தும் புற்றுநோய்த் தடுப்பு என்று சொல்லி அந்த மாத்திரையை விற்பவர்களை நம்ப வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புற்றுநோய் உறக்கத்தைக் கெடுப்பதில் ஐயத்துக்கே இடமில்லை. கனடாவில் ஜோசே சவார்டு குழுவினர் 962 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். அறுவை சிகிச்சையை ஒட்டிய காலத்தில் 59 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையின் அறிகுறிகள் இருந்தன. 18 மாதம் கழிந்தும் 36 விழுக்காட்டினருக்கு அவை நீடித்தன. வலி, அச்சம், ஹார்மோன் சிகிச்சையால் வரும் உடல் வெக்கை, வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்று காரணங்கள் பல. இந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கூடியவரை காலையிலும் நண்பகலுக்குள்ளும் கொடுத்து முடித்தால் அன்றிரவு தூக்கம் ஓரளவு மிஞ்சும். காசு செலவில்லாத மாற்றம் இது. வார்டில் நள்ளிரவிலும் எரியும் குழல்விளக்குகள், விடிவதற்கு முன்பே எழுப்பி எடுக்கும் இரத்தம், மருந்து ஏற்றும் கருவிகளின் ஓயாத ஒலி ஆகியவற்றில் எத்தனை உண்மையிலேயே மருத்துவத் தேவை, எத்தனை பணி ஒழுங்கின் வசதி என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரைக்கு முன்பே, சிந்தனை நடத்தை முறையிலான பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. புற்றுநோயாளிகளிடமும் அது பயன் தருகிறது. இதனால் ஆயுள் கூடும் என்று நான் சொல்லவில்லை. ஆயுளைக் கூட்டினால்தான் ஒரு மனிதரின் இரவு வலியின்றிக் கழிய வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

வேலைக்களத்துக்கு வருவோம். இரவுப் பணி தீங்கு செய்கிறது என்று சொன்னால் பெண்களை அதிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற அச்சம் உண்டு. அந்த அச்சத்துக்குச் சரித்திரக் காரணமும் உண்டு. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களை இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. அது பாலினப் பாகுபாடு என்று கூறி அந்தத் தடையை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். வேலையை மறுப்பது உடல்நலப் பாதுகாப்பாகாது. பன்னாட்டு முகமை 2019இல் மார்பகத்தோடு ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயையும், இருபாலருக்கும் வரும் பெருங்குடல் புற்றுநோயையும் சேர்த்தே இரவுப் பணியோடு தொடர்புடையவையாகக் குறிப்பிட்டது. ஆகவே விதி வேண்டியது இரவுக்கு. அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றும்போது 12 மணி நேர இடைவெளி தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு நிபந்தனை விதித்தது. நேரத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடமாக நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் தொடர்ச்சியாக எத்தனை இரவு, மொத்தம் எத்தனை ஆண்டு என்பதற்கு அங்கே வரம்பு எதுவும் இல்லை.

இரவில் மருத்துவமனை மூடாது, மின்நிலையம் நிற்காது என்ற பதில் உடனே வரும். நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கும் வாரத்தின் இரவுகளும்தான் இடரைக் கூட்டுகின்றன என்று சான்றுகள் காட்டும்போது, அந்த இரண்டையும் குறைக்க முடியும். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் வேண்டாம், இரு ஷிப்டுகளுக்கு நடுவே 11 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், ஒரு ஷிப்ட் 9 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று இத்துறை ஆய்வாளர்கள் 2020இல் பரிந்துரைத்தார்கள். பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை, கேட்கும் தொழிலாளிக்குக் கட்டணமின்றி உடல்நலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. டென்மார்க் இன்னும் ஓரடி முன்னே போனது. வாரம் ஓர் இரவாவது 20 முதல் 30 ஆண்டுகள் பணியாற்றி, குடும்பத்தில் நோய் வரலாறு போன்ற வேறு வலுவான காரணம் இல்லாமல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான ஏறத்தாழ 40 பெண்களுக்குத் தொழில்சார் நோய் என்ற கணக்கில் இழப்பீடு கொடுத்தது. தனி ஒரு பெண்ணின் நோய்க்கு இரவுப் பணிதான் காரணம் என்று எவராலும் நிறுவ முடியாது என்று அதை எதிர்த்தவர்கள் சொன்னார்கள். கல்நார்த் தூசியில் வேலை செய்தவருக்கு வந்த நுரையீரல் புற்றுநோய்க்கும் இதையே சொல்லலாம். தனி மனிதரிடம் காரணத்தை நிறுவ முடியாது என்பதற்காக, கூட்டத்தில் தெரியும் இடரின் முழுச் சுமையையும் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றுவது நீதியாகாது.

நான் இங்கே சொன்ன பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. கோவை, திருப்பூர் பகுதி நூற்பாலைகளில் முழு நைட் பார்க்கும் இளம் பெண்களும், அரசு மருத்துவமனைகளின் செவிலியர்களும் அந்த ஆய்வுகளில் இல்லை. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணிவருகிறது. அத்தகைய நீண்ட பதிவு மரபு நமக்கு உண்டு. அதன் பயன் முழுமையாக வேண்டுமானால், மருத்துவ மாணவர்களே, நோயாளியின் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்றோ ‘இல்லத்தரசி’ என்றோ எழுதிவிட்டு மேலே செல்லாதீர்கள். நைட் ஷிப்ட் பார்த்தது உண்டா, முதன்முதலில் எந்த வயதில், வாரத்துக்கு எத்தனை இரவு, மொத்தம் எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது என்று கேட்டு, ஐந்துக்கும் விடை எழுதுங்கள்.